கடைசிக் கோட்டுக்கு வலப்பக்கம்

அன்று காலையிலிருந்து பதினோராவது முறையாக ‘வில்பிரட்’ என்று டைப்ரைட்டரில் தட்டியதும் ஜெயசெல்விக்கு விரல் நின்றுவிட்டது. தூத்துக்குடியில் கோயில் மணி அடித்தால் ஓடிவருகிறவர்களில் பாதிப் பேர் வில்பிரட்டும் ரோச்சுமாகத்தான் இருப்பார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். அவள் நாசரேத்துக்காரி. கப்பலில் சரக்கு ஏற்றி இறக்கும் அந்தக் கம்பெனியில் தற்காலிகக் குமாஸ்தாவாகச் சேர்ந்து மூன்று வருஷம் முடிந்திருந்தது. எழுபத்தேழில் மெட்ராஸ் தலைமை ஆபீசுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. இங்கே ரெக்கார்ட் ரூமில் கிடந்த ஒன்பதாயிரம் ஃபைல்களின் பெயரையும் அவை இருக்கும் இடத்தையும் பிரித்தெடுத்து, பெயர்ப் பட்டியலை அனுப்பச் சொல்லிக் கடிதம் போட்டிருந்தார்கள். அதை முடித்தால் வேலை நிரந்தரம் என்று மேனேஜர் ஜேசுதாசன் வாக்குக் கொடுத்திருந்தார். நிரந்தரம் என்ற ஒரு வார்த்தைக்காக அவளுடைய கல்யாணம் இரண்டு வருஷமாகக் காத்துக்கிடந்தது.

வேலை லேசானதுதான். ஒவ்வொரு ஃபைலின் முதுகிலும் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். பிரிவு, வருஷம், கேங் என்கிற கூலிக்குழு, ஆள் பெயர் என்று இடையிடையே சாய்கோடு போட்டு எழுதியிருக்கும். கடைசிச் சாய்கோட்டுக்கு வலப்பக்கம் இருப்பது பெயர், இடப்பக்கம் இருப்பதெல்லாம் இடம். பெயர் மட்டும் மெட்ராஸுக்குப் போகும், அங்கே கம்ப்யூட்டர் படிப்பதற்காக அட்டையில் துளை போடுவார்கள். இடம் இங்கேயே ரிஜிஸ்தரில் கிடக்கும். மெட்ராஸில் புரோகிராம் எழுதும் கிளாட்வின் என்பவர் வகுத்துத் தந்த விதி அது.

‘விபத்து/1973/தோணி/வில்பிரட்’ என்ற ஃபைல் கைக்கு வந்த அன்று, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அதைச் சும்மா பிரித்துப் பார்த்தாள். நடுக்கடலில் நின்ற கப்பலுக்குத் தோணியில் மூட்டை கொண்டுபோனபோது தவறி விழுந்தவன். உடல் கிடைக்கவில்லை. கடைசித் தாளில், கேண்டீனில் இடம் காலியானால் மனைவி பிலோமிக்கு வேலை தரப்படும் என்று பழைய மேனேஜர் கையெழுத்துப் போட்டிருந்தார். படித்துவிட்டு மூடினாள். வலப்பக்கத்தில் இருந்த ‘வில்பிரட்’டை மட்டும் தட்டினாள்.

மனசு கேட்கவில்லை. ஜேசுதாசனிடம் போய்ச் சொன்னாள்.

“சார், ஒரே பேருல நெறைய ஃபைல் வருது. இடத்தை விட்டுட்டா எது யாருதுன்னு தெரியாதே.”

அவர் மெட்ராஸுக்கு டிரங்க் கால் போட்டுக் கிளாட்வினிடம் பேசினார். போனை வைத்துவிட்டுச் சிரித்தார்.

“ஒரே பேரு ரெண்டு தடவ வந்தா மெஷின் கடைசியா வந்ததை மட்டும் வச்சுக்கிடுமாம். மத்ததெல்லாம் டூப்ளிகேட். எடைக்குப் போட்டுறலாங்கான். நமக்கு எடமாவது மிஞ்சும்.”

“செத்தவங்க ஃபைலும் இருக்கு சார்.”

“செத்தவன் வந்து கேக்கவா போறான்? நீ முடி முதல்ல.”

அவள் முடித்தாள். ‘இரட்டிப்பு இல்லை, சரிபார்க்கப்பட்டது’ என்று அடியில் கையெழுத்தும் போட்டாள்.

இரண்டு மாதம் கழித்து மெட்ராஸிலிருந்து, சம்பளக் கணக்கோடு சேர்த்து அகலத் தாளில் பட்டியல் வந்தது. பட்டியலில் இல்லாத ஃபைல்களைக் கட்டுக் கட்டாகக் கட்டிப் பின்கொட்டகையில் போட்டார்கள். அதே வாரத்தில் கேண்டீனில் பாத்திரம் கழுவுகிறவள் வேலையை விட்டுப் போனாள். எப்படியோ தெரிந்துகொண்டு பிலோமி வந்துவிட்டாள். வெள்ளைச் சேலை, கழுத்தில் ஜெபமாலை, வெயிலில் நடந்துவந்த மூச்சிரைப்பு.

“அய்யா, எம் மாப்பிள்ள பேரு வில்பிரட். எடம் காலியானா எனக்குத் தாரோம்னு எழுதி வச்சிருக்காவ. பாருங்க.”

“ஜெயசெல்வி, பட்டியலைப் பாரு,” என்றார் ஜேசுதாசன்.

அவள் பார்த்தாள். வில்பிரட் ஒரே ஒரு வரிதான். ஏழாம் கேங்கில் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டுகிற எவனோ ஒருவன். எதிரில் ‘பணியில்’ என்று இருந்தது. ஜேசுதாசன் எட்டிப் பார்த்தார்.

“என்னம்மா விளையாடுத? உம் புருஷன் வேலைக்கு வந்துக்கிட்டுல்லா இருக்கான்! போன மாசம்கூட வந்திருக்கான்.”

பக்கத்து மேசைகளில் இரண்டு பேர் சிரித்தார்கள். பிலோமி கோபப்படுவாள், அழுவாள் என்று ஜெயசெல்வி எதிர்பார்த்தாள். அவளோ மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

“எங்கன இருக்காவ?”

சிரிப்பு நின்றது. ஜேசுதாசனுக்கும் ஒரு கணம் முகம் மாறியது. பிறகு ஆளை வெளியே அனுப்பினால் போதும் என்று நினைத்தாரோ என்னவோ, “ரெண்டு மணிக்கு ஷிப்ட் மாறும். கேட்டுல போய் நின்னு பாத்துக்கோ” என்றார்.

பிலோமி ஜெயசெல்வி பக்கம் திரும்பினாள். “தங்கச்சி, நீ சொல்லு. எழுத்துல அப்படியா இருக்கு? அவிய ஒடம்பு கெடைக்கலதான். எங்க சாமியார்கூட, கெடைக்காத வரைக்கும் நம்பிக்கைய விடாதேன்னுதான் சொன்னாரு.”

ஜேசுதாசனின் மேசைமேல் ஜெயசெல்வியின் நிரந்தர உத்தரவு, கையெழுத்துக்காகத் திறந்து கிடந்தது. பேனா மூடி கழற்றியிருந்தது.

“எழுத்துல அப்படித்தான் இருக்குக்கா,” என்றாள் ஜெயசெல்வி.

பிலோமி கும்பிட்டாள். ஜேசுதாசனைப் பார்த்து அல்ல, அவளைப் பார்த்து. செருப்பை மாட்டக்கூட நிற்காமல் படியிறங்கி ஓடினாள்.

அட்டெண்டர் வன்னியபெருமாள் மெதுவாகப் பக்கத்தில் வந்தார். “பழைய ஃபைல் கட்டு இன்னும் போகலம்மா. லாரி நாளைக்குத்தான் வருது. சொன்னியன்னா பிரிச்சு எடுத்துத் தாரேன்.”

“சார்கிட்ட கேட்டுக்கிடுங்க அண்ணாச்சி,” என்றாள், பட்டியலிலிருந்து தலையை எடுக்காமல். வன்னியபெருமாள் ஜேசுதாசனைப் பார்த்தார். ஜேசுதாசன் உத்தரவில் கையெழுத்துப் போட்டு, மை காய ஊதிக்கொண்டிருந்தார். வன்னியபெருமாள் தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

இரண்டு மணிக்குச் சங்கு ஊதியது. உத்தரவைக் கைப்பையில் மடித்து வைத்துவிட்டு அவள் ஜன்னலுக்குப் போனாள். போகாமல் இருந்திருக்கலாம். அன்று நிலக்கரிக் கப்பல். கேட்டைத் தாண்டி வந்த நூறு பேருக்கும் கண்ணும் பல்லும் தவிர வேறெதுவும் தெரியவில்லை. பிலோமி கூட்டத்தின் நடுவே நின்றிருந்தாள். ஒருவனை நிறுத்தி, முந்தானையால் அவன் நெற்றியை, கன்னத்தை, மூக்கைத் துடைத்தாள், பார்த்தாள், விட்டாள். அடுத்தவனை நிறுத்தினாள். யாரும் அவள் கையைத் தட்டிவிடவில்லை. பின்னால் வந்தவர்கள் சாப்பாட்டுத் தூக்கோடு அப்படி அப்படியே நின்றார்கள். வெள்ளை முந்தானை கறுத்துக்கொண்டே வந்தது.