சீக்கிரம் கிழிகிற பொம்மை

நாய்ப் பொருள் விற்கும் கடைக்கு அவள் வந்தது அன்றுதான் முதல் தடவை. இரண்டு வருடமாக வந்து போனதெல்லாம் புருஷன்தான். நாய் கடித்துப்போட்ட துண்டுகளைக் கொண்டுவந்தால் வேறு பொம்மை தருவதாகக் கடைக்காரர் வாயை விட்டு மாட்டிக்கொண்டிருந்தார். சனிக்கிழமை தவறாமல் ஒரு பை நிறையத் துண்டு வரும். அந்த நாய்க்குக் கடைக்காரர் வைத்த பேர் அரவை மில்.

"வாங்கக்கா. அரவை மில் எப்படி இருக்கான்? அண்ணன் வரலையா?"

"அண்ணன் போயி இருபது நாளாச்சு தம்பி. தூக்கத்துலயே."

கடைக்காரர் கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்தார். "எனக்குத் தெரியாமப் போச்சேக்கா."

"பக்கத்துல படுத்திருந்த எனக்கே விடிஞ்சுதான் தெரிஞ்சுது."

அவர் உள்ளே போய் ஒரு கறுப்பு ரப்பர் உருண்டையை எடுத்துவந்தார். "இது புதுசு. ஒரு மாசம் தாங்கிச்சுன்னா மீசையை எடுத்துர்றேன்னு அண்ணன் சவால் விட்டாரு. அதுக்குன்னே வரவழைச்சேன்."

அவள் அதை நகத்தால் அழுத்திப் பார்த்துவிட்டுத் தள்ளி வைத்தாள். "சீக்கிரம் கிழியிற மாதிரி ஏதாவது இருக்கா?"

"கிழியிறதா? அப்படி யாரும் கேட்டதே இல்லக்கா."

"அவன் எதுலயும் வாயே வெக்கிறதில்ல தம்பி. கட்டில் கால், கதவு, என் கத்தரிக்கோல் பிடி வரைக்கும் தின்னு தீர்த்தவன். இப்ப அவரு செருப்பு ரெண்டும் வாசல்ல கிடக்கு, ஒரு பல்லு படல. பக்கத்துலயே படுத்திருக்கான். சாப்பாடும் இறங்கல. உடம்புக்கு ஒண்ணுமில்லைங்கறாரு டாக்டரு. எதையாவது ஒண்ணைக் கிழிச்சுப் போட்டான்னா பழையபடி ஆயிடுவான்னு தோணுது."

அப்படிப்பட்ட சரக்கு அவரிடம் இல்லை.

வீட்டுக்கு வந்து தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்தாள். ஊர்த்துணி தைத்துப் பிழைக்கிறவள் அவள். முன்பு ஒருமுறை ஜீன்ஸ் துணியை ஏழு மடிப்பாக மடித்து, தடித்த நூலில் ஒரு பொம்மை தைத்துப் போட்டாள். அரை மணி நேரம்கூடத் தாங்கவில்லை. "உன் தையல் தோத்துப்போச்சுடி" என்று புருஷன் ஒரு வாரம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

இப்போது அவருடைய பழைய கால்சட்டையை எடுத்து வெட்டினாள். ஒரே மடிப்பு. எட்ட எட்டத் தையல். லேசாக இழுத்தாலே வாயைப் பிளக்கும்.

"டேய், கிழிடா. இன்னிக்குத் திட்டமாட்டேன்."

நாய் வெகுநேரம் மோந்து பார்த்தது. வால் ஒருமுறை அசைந்தது.

பல் படாமல், குட்டியைத் தூக்குவதுபோல் அதைக் கவ்விப் போய் இரண்டு செருப்புக்கும் நடுவில் வைத்தது. அதன்மேல் தாடையைச் சாய்த்துக்கொண்டு தெருவைப் பார்த்தது.

அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். தையலுக்குள் விரலை விட்டு இரண்டு கண்ணியைத் தானே பிரித்துக் காட்டினாள். "இப்படித்தானேடா செய்வே? மறந்துட்டியா?"

நாய் அவள் விரலை மூக்கால் தள்ளிவிட்டது. மறுபடி விரல் வைத்தாள். மறுபடியும் தள்ளிவிட்டது.

"சரிடா. தொடல."

எழுந்து போய் ஊசியும் அந்தத் தடித்த நூலும் எடுத்து வந்தாள். தாடையை நகர்த்தச் சொல்லாமல், அது படுத்திருந்தபடியே, பிரித்த இடத்தை நெருக்க நெருக்க இறுக்கித் தைத்தாள்.