குப்புறக் கிடந்த கார்டுகள்

மருந்துக்கடைக்காரருக்கு ஒரு வியாதி உண்டு. அதற்கு அவர் கடையிலேயே மருந்து கிடையாது. எதைப் பார்த்தாலும் பெயர் எழுதிய பக்கத்தை முன்னால் திருப்பி வைத்துவிடுவார். கடையில் மாத்திரை டப்பாக்கள் அப்படித்தான் இருக்கவேண்டும், யார் வேண்டாம் என்றது? வீட்டிலும் பற்பசை, சோப்பு, சர்க்கரை டப்பா எல்லாம் அவரைப் பார்த்து விறைப்பாக நிற்கும்.

பாழாய்ப்போன அந்த ஞாயிற்றுக்கிழமை, மனைவியின் கேமரா பையில் கை வைத்தார். அவள் விசேஷங்களுக்குப் படம் எடுப்பவள். மெமரி கார்டுகளை ஒரு சின்ன உறையில் வரிசையாகச் செருகியிருப்பாள். காலி கார்டு என்றால் லேபிள் மேலே தெரியும். படம் நிறைந்த கார்டு குப்புறக் கிடக்கும். கம்ப்யூட்டரில் ஏற்றும்வரை அதை யாரும் தொடக்கூடாது. இது அவள் சட்டம். அவர் எங்கே கண்டார்? நாலு கார்டு முகம் காட்டாமல் கிடப்பதைப் பார்த்ததும் கை பரபரத்தது. எல்லாவற்றையும் நிமிர்த்தி அடுக்கிவிட்டு, தன்னைத் தானே மெச்சிக்கொண்டார்.

மறுநாள் ஒரு பள்ளி ஆண்டுவிழா. அவள் அந்தக் கார்டுகளைக் கேமராவில் போட்டு, வழக்கம்போல ஃபார்மட் கொடுத்து, உள்ளே இருந்ததைத் துடைத்துவிட்டு, நாள் முழுக்க எடுத்துத் தள்ளினாள். சாயங்காலம் சனிக்கிழமைப் படங்களைத் தேடியபோதுதான் தலையில் இடி விழுந்தது. ஒரு வயதான தம்பதியின் ஐம்பதாவது கல்யாண நாள் அது. ஆளுக்கொரு திசையில் இருந்த பிள்ளைகள் எல்லாரும் வெகுகாலம் கழித்து ஒன்றாக நின்ற படங்கள்.

அழிந்ததை மீட்கும் மென்பொருளை ஓட்டிப் பார்த்தாள். அழித்ததோடு விட்டிருந்தால் எல்லாம் கிடைத்திருக்கும். மேலேயே புதுப் படம் ஏறிவிட்டதே! வந்தது கொஞ்சம். அதிலும் பலருக்குக் கழுத்துவரைக்கும்தான் உருவம், கீழே வெறும் சாம்பல் பட்டை.

குப்புறத்தானே வைத்தேன் என்று அவள் முணுமுணுத்தபோதுதான் தான் செய்த வேலை அவருக்கு உறைத்தது. சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அவள் அந்தத் தம்பதிக்குப் போன் போட்டு, தப்பு என்னுடையதுதான் என்று அழுதாள். கொஞ்சம் ஆறட்டும், அப்புறம் சொல்லலாம் என்று வாயை மூடிக்கொண்டார். நல்ல சாக்கு!

ஆறவா செய்தது? அவளுடைய அம்மாவுக்கு இப்போது பெற்ற மகளையே அடையாளம் தெரியாது. அதுவும் சின்னச் சின்ன மறதியில்தான் ஆரம்பித்தது. தனக்கும் அதுதானோ என்று பயந்து, இவள் பூட்டிய கதவை மறுபடி இழுத்துப் பார்த்தாள். அணைத்த அடுப்பைப் போய்ப் போய்ப் பார்த்தாள். தேடி வந்த வேலைகளை எல்லாம் வேண்டாம் என்றாள். அவருக்குச் சோறு இறங்கவில்லை. மருந்துச் சீட்டைப் படித்தாலும் நாலு கார்டுதான் கண்ணில் நின்றது. ஒரு வார்த்தை, ஒரே வார்த்தை சொன்னால் போதும். பாவி மனுஷன் சொல்லவில்லை.

ஒருநாள் காலை, சாப்பிடாமல் தட்டில் விரலால் கோலம் போட்டபடி உட்கார்ந்திருந்தவள், டாக்டரிடம் நேரம் வாங்கியிருப்பதாகச் சொன்னாள்.

"கேமராவை என் தம்பிகிட்ட குடுத்திடப் போறேங்க. அம்மா மாதிரி ஆகறதுக்குள்ள ஒதுங்கிக்கறேன்."

அதற்குமேல் அவரால் தாங்க முடியவில்லை.

"நீ மறக்கலை. குப்புறத்தான் வெச்சிருந்தே. நான்தான் எல்லாத்தையும் திருப்பி அடுக்கினேன்."

திட்டுவாள் என்று தலையைக் குனிந்துகொண்டார். அவள் திட்டவில்லை.

"அப்ப எனக்கு ஒண்ணும் இல்லையா?"

கேட்டுவிட்டு இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு விக்கி விக்கி அழுதாள். நிம்மதியில் வந்த அழுகை. அவருக்கும் கண் கலங்கியது. அப்பாடா, பிழைத்தோம் என்றுகூட ஒரு கணம் தோன்றியது, வெட்கங்கெட்ட மனசு.

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"உங்களுக்கு எப்போ தெரியும்?"

"அன்னிக்கே."

"நான் பயந்து செத்துக்கிட்டிருந்தப்போ பக்கத்துலதானே இருந்தீங்க?"

அவள் டாக்டரிடம் வாங்கிய நேரத்தை ரத்து செய்யப் போனை எடுத்தாள். பேசி முடித்த பிறகும் அவர் பக்கம் திரும்பவில்லை.