எண்பதுக்கு மேல் கூடாது

மனிதன் வானத்தை வென்றது இறக்கையால் அல்ல, சட்டத்தால். சட்டம் இல்லாத வானம் வெறும் காற்று. சட்டம் உள்ள வானத்தில்தான் நாகரிகம் பறக்கிறது. எவாரிஸ்ட் கியோமே இதை விமான மன்றத்தின் ஆண்டு விருந்தில், கையில் ஒயின் கோப்பையோடு எழுந்து நின்று சொன்னார். அவருடைய சொந்த விமானம் அன்றுவரை ஒரு கோழி அளவுக்குக்கூடத் தரையை விட்டு எழும்பியிருக்கவில்லை.

எவாரிஸ்ட் முப்பத்து நான்கு ஆண்டுகள் எடை அளவுத் துறையில் ஆய்வாளராக இருந்தவர். பெரி சமவெளியில் அவர் திட்டாத கறிக்கடைக்காரர் இல்லை. விலைப்பலகையில் வெறுமனே 'ஐநூறு' என்று எழுதியிருந்தால் போதும், பிடித்துக்கொள்வார். "ஐநூறு என்ன? கிராமா, கிலோவா, கழுதையா? அலகு இல்லாத எண், கால்சட்டை போடாத ஆள் மாதிரிய்யா!" ஓய்வு பெற்றபோது தராசுகளுக்கு ஈய முத்திரை குத்தும் இடுக்கியைத் துறை திரும்பக் கேட்க மறந்துவிட்டது. சட்டத்தின் காவலர் நினைவூட்டவில்லை.

அதன்பிறகு ஒன்பது ஆண்டுகள், வீட்டுக்குப் பின்னாலிருந்த கொட்டகையில் இரண்டு பேர் உட்காரும் விமானம் ஒன்றைத் தன் கையாலேயே கட்டினார். இறக்கைத் துணியை அங்குலம் அங்குலமாகத் தைத்தவள் மனைவி சிதோனி. வலப்பக்க இருக்கைக்குக் கூடத்துப் பழைய பச்சை வெல்வெட் திரையை வெட்டி உறை போட்டிருந்தாள். அது அவளுடைய இருக்கை. ஒன்பது ஆண்டுகளில் அவள் கேட்டது ஒன்றே ஒன்று.

"நாற்பதாவது கல்யாண நாளன்னிக்கு ஷேர் ஆத்தை மேலேருந்து ஒரு தடவ பாக்கணும். அவ்ளோதான்."

"பாக்கலாம் சிதோ. சட்டப்படி பாக்கலாம்" என்றார் எவாரிஸ்ட்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதை அவர் விமானம் கட்டத் தொடங்கிய முதல் வாரமே விமானத் துறையிடம் தொலைபேசியில் விசாரித்திருந்தார். இரண்டு பேர் விமானத்தின் என்ஜினுக்கு எண்பது, அதற்கு மேல் கூடாது என்றார்கள். கையில் காகிதம் இல்லாததால் கொட்டகைச் சுவரில் சாக்பீஸால் '80' என்று எழுதினார். ஒன்பது ஆண்டுகளாக யாரும் அதை அழிக்கத் துணியவில்லை. ஒட்டடை அடிக்கும்போதுகூட சிதோனி அதைச் சுற்றியே அடிப்பாள்.

ஆனால் மன்றத்து நண்பர் ஆன்செல்ம், டிராக்டர் மெக்கானிக், எங்கோ சல்லிசாகக் கிடைத்ததென்று கொண்டுவந்து இறக்கிய என்ஜின் நூறு குதிரைச் சக்தி. இருபது குதிரைகளைக் கட்டிப் போட்டாக வேண்டும். எவாரிஸ்ட் வேகக் கைப்பிடி முழுதாக முன்னே போகாதபடி ஒரு திருகைக் குறுக்கே முடுக்கினார். எண்பது குதிரையைக் கிலோவாட்டாகக் கணக்குப் போட்டு அரசுப் படிவத்தில் 59 கிலோவாட் என்று நிரப்பிக் கையெழுத்திட்டார். திருகைச் சுற்றிக் கம்பி கட்டி, இடுக்கியை எடுத்துத் தன் கையாலேயே ஈய முத்திரையும் குத்தினார். யாரும் கேட்காத முத்திரை.

தனியாக ஏறினால் விமானம் பறந்தது. ஜூலையில் அவர் மட்டும் மூன்று சுற்று போய்வந்தார். சிதோனி வெல்வெட்டில் உட்கார்ந்ததும் அது விமானமாக இருப்பதை நிறுத்திக்கொண்டது. புல் ஓடுபாதை முழுவதும் உருண்டு, கடைசியில் வரிசையாக நின்ற நெட்டிலிங்க மரங்களைக் கண்டதும் பிரேக் போட வேண்டியிருந்தது.

"இன்ஸ்பெக்டரே, அந்தத் திருகை ரெண்டு சுத்து கழட்டி விடேன்" என்றார் ஆன்செல்ம். "எந்தக் காக்கா வந்து எட்டிப் பாக்கப்போவுது?"

"எண்பதுன்னா எண்பது."

"என் கார் பதிவுச் சீட்டுல ஆறு குதிரைன்னு போட்டிருக்கான். என்ஜின்ல ஓடுறது நூத்திப்பத்து. அரசாங்கத்துக்கே குதிரை எண்ணத் தெரியாதுப்பா."

"அது வரி போடுறதுக்காக எண்ணுற குதிரை. இது வேற குதிரை" என்றார் எவாரிஸ்ட், பொறுமையாக. "உங்களை மாதிரி ஆளுங்க அலகைப் போட்டுக் குழப்பிக்கிறதாலதான் எங்களை மாதிரி ஆளுங்க வேணும்."

முத்திரையை உடைக்க அவரால் முடியவில்லை. தன் முத்திரையைத் தானே உடைப்பதென்றால், அத்தனை வருஷம் அபராதம் கட்டிய கறிக்கடைக்காரர்கள் எல்லாரும் வரிசையாக நின்று சிரிப்பது போலிருந்தது. எனவே விமானத் துறைக்குக் கடிதம் எழுதினார். 'மனைவியின் பொருட்டு, வரம்புக்கு மேல் பத்துக் குதிரைச் சக்தி மட்டும் பணிவுடன் வேண்டுகிறேன்.' பதில் வந்தது: 'சட்டம் விதித்த வரம்பை மீற எவருக்கும் அனுமதி வழங்கப்படமாட்டாது.' ஓர் எழுத்துக்கூடத் தப்பில்லாத பதில். எவாரிஸ்ட் அதைச் சற்றுப் பெருமையோடுதான் படித்தார். பிறகு குளியலறைத் தராசை வெளியே எடுத்தார்.

"எதுக்கு?" என்றாள் சிதோனி.

"சும்மா. செருப்பைக் கழட்டிட்டு ஏறு."

"எழுபத்தொண்ணு. கேட்டிருந்தா வாயாலயே சொல்லியிருப்பேனே. உன் வயித்தையும் நிறுத்தியாச்சா?"

அவர் தன்னை நிறுத்திப் பார்த்திருந்தார். தராசை எடுத்துக்கொண்டு குளியலறைக்குப் போனார்.

செப்டம்பர் முதல் ஞாயிறு, கல்யாண நாள். காற்று சாதகமாக இருந்தது. முதல் முறை மரங்களுக்கு ஐம்பது மீட்டர் முன்பாக நின்றார்கள். சிதோனி கேமராவையும், மேலே போய்ச் சாப்பிடலாமென்று மடியில் வைத்திருந்த உருளைக்கிழங்கு அடையையும் இறக்கி வைத்தாள். இரண்டாம் முறை முப்பது மீட்டர். அவள் காலணிகளையும் இறக்கி வைத்தாள்.

"இனிமே கழட்ட ஒண்ணுமில்ல எவாரிஸ்ட்" என்றாள். "ஊர் சிரிக்கும்."

மூன்றாம் முறை சக்கரங்கள் ஒரு முழம் எழும்பின. எவாரிஸ்ட்டின் கை கைப்பிடியை முன்னே தள்ளியது. அது திருகில் முட்டி நின்றது. மீண்டும் தள்ளினார். நன்றாகக் குத்தப்பட்ட முத்திரை அது, அசையவில்லை. விமானம் இடப்பக்கம் சாய்ந்து இறங்கி, பீட்ரூட் வயலுக்குள் மூக்கை நுழைத்து நின்றது. மர ப்ரொப்பெல்லரின் ஒரு முனை ஒடிந்து போயிற்று. வேறெதுவும் ஆகவில்லை. பீட்ரூட் இலைகளுக்கு நடுவே சிதோனி வெறுங்காலோடு இறங்கினாள்.

ஆன்செல்ம் ஓடிவந்தார். இருவருக்கும் அடியில்லை என்று பார்த்துக்கொண்டார்.

"சிதோனி, என் விமானம் சும்மாதான் நிக்குது" என்றார் அவர். "ஒரு சுத்து போய்ட்டு வந்துருவோமா? இவன் கோவிச்சுக்க மாட்டான்னா."

சிதோனி கணவனைப் பார்த்தாள். "போகட்டுமா?"

எவாரிஸ்ட் ஒடிந்த ப்ரொப்பெல்லர் துண்டைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். "பெல்ட்டை நல்லா இறுக்கிக்கோ" என்றார். "அவன் பெல்ட்டைச் சரிபாக்குறதே இல்ல."

ஆன்செல்மின் விமானம் மரங்களை அலட்சியமாகத் தாண்டிப் போனது. எவாரிஸ்ட் வயலில் நின்றபடி தலையைத் தூக்கிப் பார்த்தார். பிறகு செய்வதற்கு ஒன்றுமில்லாததால் ஆறிப்போன அடையில் பாதியைத் தின்றார். இருபது நிமிடத்தில் அவள் திரும்பி வந்தாள், கன்னமெல்லாம் சிவந்து.

"பாத்தியா?" என்றார்.

"பாத்தேன்." அவள் காலணியைத் தேடிப் போட்டுக்கொண்டாள். "அப்படி ஒண்ணும் பெரிய ஆறு இல்ல."

அவள் பொய் சொல்கிறாள் என்பது அவருக்குத் தெரிந்தது.

மறுநாள் காலை, இம்முறை என்ஜினின் சக்தி, இருவரின் எடை, ஓடுபாதையின் நீளம் என்று எல்லா விவரங்களும் சேர்த்து மூன்று பக்கத்துக்கு மறுபடியும் எழுதினார். புது ப்ரொப்பெல்லர் வசந்த காலத்தில்தான் வரும் என்று கடைக்காரர் சொல்லிவிட்டதால், பதிலுக்குக் காத்திருப்பதைத் தவிர வேறு வேலையும் இல்லை. இரண்டு வாரத்தில் பதில் வந்தது. அவர் கையெல்லாம் கிரீஸாக இருந்ததால் சிதோனி கொட்டகை வாசலில் நின்று உரக்கப் படித்தாள்.

"'இருவர் விமானத்துக்கான வரம்பு எண்பது கிலோவாட். அதாவது ஏறத்தாழ நூற்றொன்பது குதிரைச் சக்தி. தங்கள் என்ஜின் நூறு குதிரைச் சக்தி. அதைக் குறைத்துக்கொண்டது தங்கள் விருப்பம். தாங்கள் எதற்கு அனுமதி கோருகிறீர்கள் என்பது எங்களுக்கு விளங்கவில்லை.'"

அவள் கடிதத்தை மடித்தாள். பிறகு இருவரும் ஒரே நேரத்தில் சுவரைப் பார்த்தார்கள். சாக்பீஸ் எழுத்து ஒன்பது ஆண்டுகளுக்குப் பிறகும் தெளிவாகத்தான் இருந்தது. எட்டு, பூஜ்யம். பக்கத்தில் அலகு எதுவும் எழுதியிருக்கவில்லை.