தம்பிஐயா முதலாளியின் மப்ளர்

நெடுந்தீவிலிருந்து லோஞ்சு வெளிக்கிட்டதும் சத்தியபாமா பின்னல் ஊசிகளைக் கையிலெடுத்தாள். தம்பிக்குப் பின்னும் சுவெற்றரில் ஒரு கைதான் மிச்சம். கரம்பொன்னில் பெரியம்மாவிடம் பயணம் சொல்லிவிட்டு, குறிகட்டுவான் துறையில் தம்பி காரோடு காத்து நின்றான். அவனுக்கு இன்றிரவு கொழும்பு மெயில் ரயில், பிறகு பிளேன், பிறகு லண்டன். கடலைக் கடப்பதற்குள் கையை முடித்தாக வேண்டும்.

விசயம் லோஞ்சு முழுக்கப் பரவிவிட்டது. பக்கத்திலிருந்த சிவக்கொழுந்து அக்கா நூலை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டாள். கோழிக்கூடையோடு வந்த ஒருவர், தம்பியின் கை தன் கையளவுதான் என்று சத்தியம் பண்ணி அளவுக்கு நீட்டினார். ‘எந்த மட்டில் பிள்ளை?’ என்று ஆளுக்காள் கேட்கக் கேட்க ஊசி பறந்தது.

தம்பிஐயா முதலாளி மட்டும் பிரசங்கம் செய்தார். நுவரெலியாவில் சுருட்டுக்கடை வைத்திருந்தவர். குளிரைத் தன் சீதனமாகவே கருதுபவர். சித்திரை வெயிலிலும் கழுத்தில் நீல மப்ளர். லண்டனிலிருந்து வந்த துரை ஒருவர் தன் கையாலேயே போட்டுவிட்டதாம். குளிரில் நடுங்குகிறவனைக் கண்டால் மேல்சட்டையையே கழற்றிக் கொடுப்பது தன் வழக்கம் என்றும் சொல்லி வைத்தார்.

மணிக்கட்டுக்கு நாலு விரற்கடை இருக்கையில் நூல் தீர்ந்தது. இறக்குமதியை நிறுத்தியிருந்த காலம். யாழ்ப்பாணக் கடைகளிலும் கம்பளிநூல் இல்லை. தூரத்தில் குறிகட்டுவான் தெரிந்தது. சத்தியபாமாவின் கண் மப்ளரில் போய் நின்றது. லோஞ்சே அதைப் பார்த்தது.

“முதலாளி, மேல்சட்டை வேண்டாம். மப்ளரைக் கழட்டுங்கோ,” என்றாள் சிவக்கொழுந்து அக்கா.

“ஏலாது பிள்ளை, துரை தந்ததெல்லோ.”

“துரை குளிருக்குத்தானே தந்தவர். வேர்வைக்கில்லையே.”

மப்ளர் கழன்றது. கழுத்து முழுக்க வேர்க்குரு, பலாக்காய்த் தோல்போல. கோழிக்காரர் சிரிப்பை அடக்கக் கடலைப் பார்த்தார். கழுத்தில் காற்றுப் பட்டதும் முதலாளியின் கண் தானாகச் சொக்கியது.

இரண்டு பெண்கள் மப்ளரைப் பிரிக்க, சத்தியபாமா பின்னினாள். லோஞ்சு துறையில் இடிக்கவும் கடைசி முடிச்சு விழவும் சரியாக இருந்தது. நூலைப் பல்லால் அறுத்தாள்.

கொளுத்தும் வெயிலில் தம்பி அதைப் போட்டுப் பார்த்தான். மண்ணிறச் சுவெற்றர், ஒரு மணிக்கட்டு மட்டும் நீலம். அக்காவைக் கேட்க வாயெடுத்தான். முதலாளி முந்திக்கொண்டார்:

“நீலம் தெரிய நடவும் தம்பி. துரை கண்டால் இதை வைச்சே உம்மை மட்டுக்கட்டுவார்.”

மப்ளரின் மிச்சத்தைச் சத்தியபாமா நீட்டினாள். அதைக் கழுத்துவரைக்கும் கொண்டுபோன முதலாளி, ஒருகணம் யோசித்து, மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார்.