எல்லோரும் சாவி கொடுத்தார்கள்

செவ்வாய்க்கிழமை காலை பஸ் கண்டக்டர் சுகந்திக்கு டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார். கூடவே ஒரு சாவியும் கொடுத்தார். துருப்பிடித்த இரும்புச் சாவி. கொடுத்துவிட்டு அடுத்த சீட்டுக்கு நகர்ந்தார்.

"ஏனுங்ணா, இது எந்த ஊட்டுச் சாவிங்?"

"கையில வெச்சுக்க அம்மிணி. விட்றாத."

இறங்கிய இடத்தில் பூக்காரம்மா ஒரு முழம் மல்லிகை கொடுத்தார். அதில் மூன்று ஆணிகளைச் சேர்த்துக் கட்டியிருந்தார். சிக்னலில் நின்ற போலீஸ்காரர் வண்டிகளை நிறுத்தினார், நடுரோட்டில் அவளிடம் ஒரு நட்டும் போல்ட்டும் தந்தார், பிறகு வண்டிகளை விட்டார். பனியன் கம்பெனி வாசலில் வாட்ச்மேன் கேட்டின் தாழ்ப்பாளையே கழற்றி வைத்துக் காத்திருந்தார்.

"அப்பறம் கேட்ட எப்படீங் சாத்துவீங்க?"

"அது கெடக்குது போ. உனக்கு எங்கயாச்சும் வந்துட்டா?"

எல்லோரும் கொடுத்தது இரும்பு என்பதை அப்போதுதான் சுகந்தி கவனித்தாள். வலிப்பு வந்து விழுந்தவர் கையில் இரும்பைத் திணித்தால் வலிப்பு நின்றுவிடும் என்பார்கள். அவள் ஒன்பதாம் வகுப்பில் பிரேயரில் விழுந்தபோது தலைமையாசிரியர் பள்ளிக்கூடத்துச் சாவிக்கொத்து முழுவதையும் அவள் கையில் திணித்தார். அதோடு அவள் படிப்பு நின்றது. வலிப்பு நிற்கவில்லை. அம்மா அவளை யாருக்கும் தெரியாத இந்த ஊருக்குக் கூட்டி வந்தாள். மாத்திரை போட ஆரம்பித்த பின் மூன்று வருடமாக ஒருமுறைகூட வரவில்லை. விஷயம் அவளுக்கும் அம்மாவுக்கும் டாக்டருக்கும் மட்டும் தெரியும்.

முந்தைய நாள், திங்கட்கிழமை, ஆஸ்பத்திரியில் பழைய சீட்டுகளையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றினார்கள். நர்ஸ் அவள் போனுக்கு வந்த ஓடிபியைக் கேட்டார். சுகந்தி ஆறு எண்களையும் சொன்னாள். "இனி உங்க வெவரம் பத்திரமா இருக்கும்," என்றார் நர்ஸ்.

வெள்ளிக்கிழமை, பனியனில் ஓட்டை பார்க்கும் செக்கிங்கிலிருந்து இரண்டு பெண்களைத் தையல் மெஷினுக்கு மாற்றப்போகிறார்கள். சுகந்தி பெயரும் அவள் தோழி லோகேஸ்வரி பெயரும் பட்டியலில் இருந்தன. வலிப்புக்காரியை ஊசிக்கு முன்னால் உட்கார வைக்க மாட்டார்கள். கம்பெனியிலும் வைத்துக்கொள்ள மாட்டார்கள்.

இரும்பையெல்லாம் சுகந்தி பனியன் குவியலுக்கு அடியில் ஒளித்தாள். எதிரே உட்கார்ந்து ஓட்டை பார்த்துக்கொண்டிருந்த லோகேஸ்வரி தலையைத் தூக்கினாள்.

"என்ன புள்ள, நீ நடந்தா சத்தம் கேக்குது?"

"கொலுசு."

"கொல்லன் செஞ்ச கொலுசா?"

லோகேஸ்வரி சிரித்தாள். அவள் மட்டும் எதுவும் கொடுக்கவில்லை.

புதன்கிழமை சுகந்தி அரைநாள் லீவு போட்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். இரகசியக் காப்புப் பிரிவு வராந்தாவின் கடைசியில் இருந்தது. அவள் நடக்க நடக்க வராந்தா நீண்டது. வழியில் இரண்டு தடவை உட்கார்ந்தாள். மூன்றாவது தடவை உட்கார்ந்தபோது பிரிவே அவளிடம் வந்துவிட்டது.

வாசலில் பெரிய போர்டு. 'கீழ்க்கண்டவர்களின் இரகசியம் இங்கே காக்கப்படுகிறது.' மூன்றாவது பெயர் அவளுடையது. இனிஷியலோடு, அழகான கையெழுத்தில், பெயிண்ட் இன்னும் காயாமல் இருந்தது.

மைக் கரகரத்தது. "வலிப்பு, இருபத்திரண்டு வயசு, செக்கிங்ல வேலை பாக்கற பொண்ணு கவுண்டருக்கு வரவும். பேரச் சொல்ல மாட்டோம், பயப்படாம வரவும்."

வரிசையில் நின்றவர்கள் ஒதுங்கி அவளுக்கு வழி விட்டார்கள்.

கவுண்டரில் இருந்தவர் கம்ப்யூட்டர் திரையைத் துண்டால் மூடினார். நோயாளிகள் எட்டிப் பார்த்துவிடக் கூடாதென்று அதை ஜன்னல் பக்கம் திருப்பியும் வைத்திருந்தார். துண்டு இந்தப் பக்கம் மட்டும்தான் தொங்கியது. ஜன்னலுக்கு வெளியே பஸ் ஸ்டாப். பஸ்ஸுக்கு நின்றவர்கள் திரையைப் படித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"ஐயா, என்ர விசயம் வெளிய போயிருச்சுங்."

"என்ன விசயம்?"

அவள் குரலைத் தாழ்த்தினாள். "அதுதானுங்."

"எதுன்னு சத்தமாச் சொன்னாத்தானே காப்பாத்த முடியும்?"

அவள் சொன்னாள். பஸ் ஸ்டாப்பில் ஒருவர், "சரியாத்தான் போட்டிருக்குது," என்றார்.

"எனக்கு அதக் காட்டுங்."

"அது நோயாளியோட அந்தரங்கம். கண்டவங்களுக்குக் காட்ட முடியாது."

"நான்தானுங் அந்த நோயாளி."

"அதுக்கு ரெண்டு சாட்சி வேணும். உங்க நோய் தெரிஞ்சவங்களா இருக்கோணும்."

பின்னால் சலசலப்பு கேட்டது. சுகந்தி திரும்பிப் பார்த்தாள். வரிசையில் எல்லோரும் கை தூக்கியிருந்தார்கள். ஜன்னலுக்கு வெளியேயும் சில கைகள் தெரிந்தன.

கவுண்டர்காரர் முன்னால் இருந்த இருவரிடம் கையெழுத்து வாங்கினார். பிறகு பெருமூச்சு விட்டார்.

"நோய அழிக்க எங்களுக்கு அதிகாரமில்லீங். வேண்ணா பேர எடுத்துடலாம். பேர் இல்லாட்டி யாரோடதுன்னு ஒருத்தனுக்கும் தெரியாது."

"எடுத்துடுங்."

அவர் ஒரு பட்டனை அழுத்தினார். வாசலில் யாரோ போர்டைச் சுரண்டும் சத்தம் கேட்டது. பல் பிடுங்கிய இடம் போல அவளுக்குள் ஓரிடம் காலியானது. கையெழுத்துப் போடச் சொன்னார். பேனாவைப் பிடித்தாள், எதை எழுதுவதென்று தெரியவில்லை.

"கைநாட்டு வெச்சாப் போதும்," என்றார் அவர். "பேர் எங்ககிட்ட பத்திரமா இருக்கும்."

வீட்டில் அம்மா அவளைக் கூப்பிட வாயைத் திறந்தாள். கொஞ்ச நேரம் யோசித்தாள். "இந்தா புள்ள, சாப்புட வா," என்றாள்.

வியாழக்கிழமை பஸ்ஸில் கண்டக்டர் டிக்கெட் மட்டும் கொடுத்தார். பூவில் ஆணி இல்லை. போலீஸ்காரர் அவளை நிறுத்தி வண்டிகளை விட்டார். அவளுக்கு ஓடவேண்டும் போல நிம்மதியாக இருந்தது.

கம்பெனிக்குள் போனாள். செக்கிங்கில் இருந்த பதினான்கு பெண்களின் முன்னாலும் இரும்பு குவிந்து கிடந்தது. பூட்டு, கொக்கி, கதவுக் கீல், தராசுப் படிக்கல். அவள் இடத்திலும் ஒரு குவியல் இருந்தது. மற்றவர்களுடையதைவிடப் பெரிதுமில்லை, சிறிதுமில்லை.

ஆஸ்பத்திரி அவள் பெயரை எடுத்துவிட்டது. பெண், இருபத்திரண்டு வயது, செக்கிங் என்பதை எடுக்கவில்லை. அந்த வாரம் செக்கிங்கில் எல்லோருக்கும் இருபத்திரண்டு வயது.

வெள்ளிக்கிழமை சூப்பர்வைசர் மாணிக்கண்ணன் பட்டியலோடு வந்து நடுவில் நின்றார்.

"வலிப்பு ஒருத்திக்குத்தான். எந்த ஒருத்தின்னு ஆஸ்பத்திரில போடல. பாத்துச் சொல்லுங்க."

பதினான்கு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரும் கண் சிமிட்டவில்லை. சிமிட்டினால் அதுவே வலிப்பின் ஆரம்பம் என்று சொல்லிவிடுவார்கள்.

கொடுக்கிறவளுக்கு நோய் இருக்காது என்பது முதலில் மூலையில் இருந்தவளுக்குத் தோன்றியது. அவள் ஒரு பூட்டை எடுத்துப் பக்கத்தில் இருந்தவள் கையில் வைத்தாள். பக்கத்தில் இருந்தவள் துள்ளினாள். பூட்டு கீழே விழுந்தது.

"எனக்கெதுக்குடீ? நீயே வெச்சுக்க!"

"உன்ர மூஞ்சியப் பாத்தாலே தெரியுது!"

துள்ளியவள் ஒரு கீலை எடுத்து அடுத்தவளிடம் நீட்டினாள். அதுவும் விழுந்தது. எல்லோரும் கொடுக்க ஆரம்பித்தார்கள். யாரும் வாங்கவில்லை. தரை முழுக்க இரும்பு விழும் சத்தம். மாணிக்கண்ணன் கொடுத்தவர்களை ஒவ்வொருவராக டிக் அடித்துக்கொண்டே வந்தார். டிக் இல்லாமல் இரண்டு பேர் மிஞ்சினார்கள். அவர் பேனா பெயர் இல்லாதவளை நோக்கித் திரும்பியது.

அவள் கைக்குக் கிடைத்த கொக்கியை எடுத்தாள். எதிரே இருந்த லோகேஸ்வரியின் உள்ளங்கையில் வைத்தாள்.

கொக்கி விழவில்லை.

லோகேஸ்வரியின் விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கி அதைப் பிடித்துக்கொண்டன. பழகிய கை. கட்டைவிரல் தானாக உள்ளே போய் அடங்கியது. லோகேஸ்வரி தன் கையைப் பார்த்தாள். பிறகு அவளைப் பார்த்தாள்.

"உனக்கு யாரு புள்ள சொன்னாங்க?" என்றாள், உதடு அசையாமல்.

"யாரும் சொல்லல. எனக்குத் தெரியாது புள்ள. சத்தியமா."

"எங்கம்மாவுக்கும் டாக்டருக்கும் மட்டுந்தான் தெரியும்."

மாணிக்கண்ணன் பட்டியலில் ஒரு பெயரை அடித்தார். அவர் குரல் மிகவும் கனிவாக இருந்தது. "லோகேஸ்வரி, நீ ஊட்டுக்குப் போம்மா. ஒடம்பப் பாத்துக்க." பிறகு இவள் பக்கம் திரும்பினார். "உம் பேரென்ன?"

அவள் வாயைத் திறந்தாள். வாயில் எதுவும் இல்லை.

அவர் பட்டியலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அடித்த பெயருக்குக் கீழே ஒரு வெற்றிடம் இருந்தது. "சரி உடு. மீதி நீதான்," என்றார். மெஷின் மேல் சாக்பீஸால் 'மீதி' என்று எழுதினார்கள்.

மீதி உட்கார்ந்தாள். பெடலை மிதித்தாள். மெஷின் நல்ல மெஷின். பனியனின் முதல் கை ஒரு இழைகூட விலகாமல் உடலோடு சேர்ந்தது.

லோகேஸ்வரி வீட்டுக்குப் போகவில்லை. ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றாள். தெருவில் போனவர்கள் ஏற்கெனவே அவள் இரண்டு கைகளையும் நிரப்பியிருந்தார்கள். முகத்தில் விழுந்த முடியை ஒதுக்க முடியாமல் ஊதி ஊதித் தள்ளிக்கொண்டிருந்தாள். மீதி அந்தப் பக்கம் பார்க்காமல் இரண்டாவது கையைத் தைத்தாள்.

பக்கத்து மெஷின் அக்கா இன்னும் எதையும் கேள்விப்படாதவள். அவள் குனிந்து கேட்டாள்.

"அந்தப் புள்ளைக்கு என்ன? எதுக்கு அங்கயே நிக்குது?"

மீதி பெடலிலிருந்து காலை எடுத்தாள். இம்முறையாவது சரியாகச் செய்யவேண்டும் என்று நினைத்தாள்.

"அதச் சொல்லக் கூடாதுங்க்கா."

அக்கா அவள் முகத்தைப் பார்த்தாள். மெதுவாகத் தலையாட்டினாள். எழுந்து போய் ஜன்னல் கம்பிக்கு நடுவே தன் கத்தரிக்கோலை நீட்டினாள்.