அரை டம்ளர் போதும்னேன்

என் வீட்டுக்காரர் பரசுராமனுக்கு நாலு நாளா வெளிக்குப் போகலை. உலர்திராட்சையும் அத்திப்பழமும் ஊறவெச்சு, பப்பாளியோட அரைச்சு, "அரை டம்ளர் போதும்"னு கொடுத்தேன். மனுஷன் சொம்பு மொத்தத்தையும் குடிச்சிட்டு, பௌர்ணமிக் கூட்டத்துல என்னையும் இழுத்துக்கிட்டு கிரிவலம் கிளம்பிட்டார்.

எமலிங்கம் வரைக்கும் வாய் ஓயலை. வாயுலிங்கத்துகிட்ட அந்தச் சாமி பேரைக் காப்பாத்தினார். பின்னால வந்தவங்க மூக்கைப் பொத்திக்கிட்டு ஒதுங்கினாங்க. குபேரலிங்கத்துக்கு ஒரு கும்பிடு கூடப் போடாம கட்டணக் கழிப்பறைக்கு ஓடினார். அவர் மூஞ்சியைப் பார்த்ததும் வரிசையே வழிவிட்டுச்சு.

கொஞ்ச நேரத்துல உள்ளேயிருந்து குரல் வந்துச்சு: "அண்ணாமலையாரே..."

வரிசைல நின்ன அத்தனை பேரும் கையெடுத்துக் கும்பிட்டு, "அரோகரா"ன்னாங்க.

நானும்தான் சொன்னேன். நாலு நாள் வேண்டுதலாச்சே.