இரும்பு நுழையாத அறை

…ஊக்குதான், சந்தேகமில்லை, வள்ளித்தாயின் தாலிக்கயிற்றில் மஞ்சள் ஏறித் தொங்குகிறது, இரும்பு ஊக்கு, அவள் காகிதக் குழாய்க்கட்டை எடுக்கக் குனியும்போதெல்லாம் சேலைக்கு வெளியே வந்து ஆடுகிறது, ஒரு முழம் தூரம், இல்லை, அதற்கும் குறைவு. அவன் கைகளை மடிக்குள் இழுத்துக்கொண்டான். மூன்று வருடமாக இந்த அறைக்குள் இரும்பு வந்ததில்லை. அதற்காகத்தானே இங்கே வந்தான். ஏழு கோட்டை பிடித்த ஒரு ராஜா, எம். புதுப்பட்டியில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் கருப்பணன் என்று பொய்ப்பெயர் கொடுத்துவிட்டு, குருவி வெடிக்கு மருந்து அடைத்துக்கொண்டிருப்பது வேறு எதற்காக? இரும்பை வாசலிலேயே நிறுத்தும் இடம் அவன் பார்த்தவரை இது ஒன்றுதான். சுவரில் ஆணி கிடையாது, கத்தி கிடையாது, கரண்டி மரம், அளவுக் கிண்ணம் பித்தளை, உடம்பு மின்சாரம் இறங்க வாசலில் கை வைத்துவிட்டு வரும் தகடுகூடச் செம்பு… சாபம் பிடித்தவனுக்கு இதைவிட நல்ல அரண்மனை எங்கே கிடைக்கும். ஆனால் ஒரே ஒரு பொறி போதும் என்பதும் இங்கேதான். அதை முதல் நாளே யோசித்திருக்க வேண்டும். யோசித்தான். யோசிக்காத மாதிரி பாயில் உட்கார்ந்துகொண்டான்.

நீ கையில் எடுக்கும் இரும்பெல்லாம் தீ கக்கட்டும் என்றாள் அந்தக் கொல்லன் பெண்டாட்டி. ஏழாவது கோட்டை விழுந்த மறுநாள், உலைக்கூடத்து வாசலில், புருஷனும் இரண்டு மகன்களும் கிடந்த இடத்திலிருந்து எழுந்திருக்காமல், சத்தம் போடாமல் சொன்னாள். அவன் சிரித்ததாக நினைவு. ஒன்பதாம் நாள் பாசறை எரிந்தது. முந்நூறு பேர், குதிரைகள், தம்பி வேழன்… வாளை உருவினான், பொறி பறந்தது, கூடாரத் துணி பிடித்துக்கொண்டது, மேல்காற்று அள்ளிக்கொண்டு போனது. அப்படித்தான் நடந்தது. அப்படித்தான் அமைச்சரிடம் சொன்னான், வேழனையும் தன்னையும் பெற்றவளிடம் சொன்னான். வாளை அங்கேயே போட்டுவிட்டு வறண்ட சீராற்று மணலில் இறங்கி நடந்தான், எத்தனை நாள் என்று தெரியாது, கரையில் சீமைக்கருவேலம் தெரிந்தபோது அது வேறு ஆறாகியிருந்தது, அர்ச்சுனா நதி என்றார்கள், அதிலும் தண்ணீர் இல்லை. மேலே ஏறினால் பாலம், பாலத்தில் பஸ், எங்கே திரும்பினாலும் இரும்பு. தொடாமல் இருக்கப் பழகிக்கொண்டான். பஸ் ஏறுவதில்லை, கம்பியைப் பிடிக்க வேண்டும். டீ பேப்பர் கப்பில்தான். சவரம் கிடையாது. படுக்கும் கொட்டகைக்குத் தாழ்ப்பாள் இல்லை, சாக்குப் படுதா. கம்பி மத்தாப்பு போடும் கம்பெனிகள் பக்கமே அவன் எட்டிப் பார்க்கவில்லை.

"என்னண்ணே, கைய மடிக்குள்ள வச்சுக்கிட்டு உக்காந்துட்டீக? பட்டத்து யானை வரணுமா?" என்றாள் வள்ளித்தாய். வாசல் பக்கம் இருந்த பஞ்சம்மாள் தலையைத் தூக்காமலே, "யானைக்கு எங்கன போக? அதான் எதுத்தாப்புல நீ உக்காந்திருக்கியே" என்றாள். வள்ளித்தாய் சிரித்தாள், சிரிப்பில் உடம்பு குலுங்கியது, ஊக்கும் குலுங்கியது, சிரிக்காதே, சிரிக்காதே… சொல்லிவிடலாம். ஒரு வார்த்தைதான். சொன்னால் என்ன செய்வாள்? பதறிக் கையைக் கழுத்துக்குக் கொண்டுபோவாள், விரலெல்லாம் அலுமினியப் பொடி, மடியில் மருந்துத் தட்டு. பஞ்சம்மாள் எழுந்து ஓடுவாள். இந்த அறையில் ஓடக்கூடாது. சத்தம் கேட்டால் போர்மேன் முனியராஜ் வருவான். போன மாதம் வாசலிலேயே கொண்டை ஊசியோடு பிடிபட்டவள் வள்ளித்தாய்தான், இன்னொரு தடவை என்றால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான் என்று திங்கட்கிழமைகூட எல்லாரையும் நிறுத்திவைத்துச் சொன்னான். புருஷன் இல்லாதவள். பிறகு எதற்கு இன்னும் அந்தக் கயிறு என்று ஒருநாள் பஞ்சம்மாள் கேட்டதற்கு, அவன் ஓடித்தான போனான், செத்தா போனான் என்றாள்.

அவள் மறுபடியும் குனிந்தாள். கயிறு தட்டின் விளிம்பில் உரசியது, அவள் நிமிர்ந்தபோது அதில் ஊக்கு இல்லை.

அவனுடைய வலது புறங்காலில் இருந்தது.

எரியவில்லை. ஏன் எரியவில்லை? கை என்றுதானே சொன்னாள், கால் என்று சொல்லவில்லை, அதுதான் காரணம், அசையாதே, மூச்சை மெதுவாக விடு. வாய் திறந்த ஊக்கு, எடையே இல்லை, காலை லேசாகச் சாய்த்தாலும் ரப்பர் பாயில் விழும், பாயில் சிந்திய மருந்து சாம்பல் நிறத்தில் கிடக்கிறது, மூன்று பேர், பக்கத்து அறையில் நான்கு பேர், அதற்கடுத்த அறையில்… ஏழு கோட்டை வாசலிலும் அவன் கால் நடுங்கியதில்லை. இப்போது கணுக்காலில் ஒரு நரம்பு துடிப்பது கண்ணுக்கே தெரிகிறது. "ரெண்டு பேரும் வெளிய போயித் தண்ணி குடிச்சிட்டு வாங்க" என்றான். "இப்பத்தான வந்து உக்காந்தோம். ஒங்களுக்குத் தாகம்னா நீங்க போங்க" என்றாள் வள்ளித்தாய். பஞ்சம்மாள் நிரப்பிய தட்டை அவன் பக்கம் தள்ள ஆரம்பித்தாள், எப்போதும் போலப் பாயோடு உரசியபடி, அந்த மரத்தட்டு வந்து காலில் இடிக்கும், ஊக்கு அடியில் போகும், மேலே முழுத்தட்டின் பாரம், தேய்க்கும்… யாராவது எடுக்க வேண்டும். அவன் காலில் கிடப்பதை வேறு யார் எடுப்பார்கள்? வேழா என்று மனசுக்குள் கூப்பிட்டான், ஏன் அவனைக் கூப்பிட்டான், கண்ணை மூடிக்கொண்டு எடுத்தான்.

ஒன்றும் இல்லை. அவள் உடம்புச் சூடு கொஞ்சம், மஞ்சள் வாசனை கொஞ்சம். விரல்களை மூடி அழுத்தினான். குத்தியது. அது செய்தது அவ்வளவுதான்.

அப்படியானால் சாபம் தீர்ந்துவிட்டது. சந்தோஷப்பட வேண்டும்… எப்போது தீர்ந்தது? நேற்றா, ஆற்று மணலிலா? ஒன்பதாம் நாள் எரிந்தது என்றால் நடுவில் எட்டு நாள் இருந்ததே. அந்த எட்டு நாளும் வாளைத் தொடாமலா இருந்தான்? தினமும் தொட்டான். கடிவாளத்தைப் பிடித்தான், கவசம் போட்டுக் கழற்றினான், கத்தியால் கறி அறுத்துத் தின்றான். ஒன்றும் எரியவில்லை. இதை எப்படி இத்தனை நாள் எண்ணாமல் விட்டான்? ஒன்பதாம் நாள் அந்தி நேரம், பந்தம் ஏற்றும் நேரம். வேழன் எல்லார் முன்னாலும் சொன்னான், அந்தக் கொல்லன் வீட்டாரைக் கொன்றிருக்க வேண்டாம் அண்ணா, அவர்கள் ஆயுதம் எடுக்கவே இல்லையே. சொல்லிவிட்டு முதுகைத் திருப்பிக்கொண்டு கூடாரத்துக்குள் போனான். இவன் வாளை உருவினான், வலது கையில் வாள். இடது கை? இடது கை எங்கே இருந்தது? வெளிச்சம் பக்கத்தில் இருந்தது, முகத்தில் சூடு அடித்தது, அப்படியென்றால் பந்தத்தைப் பிடித்திருந்தது… நழுவியதா? நழுவியிருக்கும். நழுவினால் காலடியில் விழும். கூடாரம் பத்தடி தள்ளி இருந்தது.

"என்னண்ணே கையில?"

முனியராஜ் வாசலில் நின்றான். உள்ளே நான்கு பேருக்கு மேல் இருக்கக்கூடாது, வர இடம் இருந்தும் வரவில்லை, கழுத்தை மட்டும் நீட்டினான். மூடிய கையைப் பிரிக்க எவ்வளவு நேரம் ஆனது என்று அவனுக்குத் தெரியவில்லை. வள்ளித்தாயின் கை தாலிக்கயிற்றுக்குப் போனது, தடவியது, அங்கேயே நின்றுவிட்டது.

"யாரு கொண்டாந்தது? நான் கேக்கேன்ல?"

அவன் அவளைப் பார்க்கவில்லை. முந்நூறு பேர் எரிந்தபோதும் இப்படித்தான் கேட்டார்கள், யார் செய்தது என்று. அன்றைக்குக் கைகாட்ட அந்தக் கொல்லன் பெண்டாட்டியின் சாபம் இருந்தது.

"நாந்தேன்" என்றான்.

"ஆம்பளைக்கு எதுக்குண்ணே ஊக்கு?"

"முள்ளு எடுக்க வச்சிருப்பாரு. கருவேலங்காட்டு வழியாத்தான நடந்து வாராக" என்றாள் பஞ்சம்மாள், தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். முனியராஜ் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தான். அவனுக்குத் தெரிந்திருக்கும். "ஓனர் கேட்டா நான் என்ன சொல்ல? கெளம்புங்கண்ணே. நாளைக்கும் வர வேண்டாம்." ஊக்கைக் காகிதத்தில் ஏந்தி வாங்கிக்கொண்டான். வள்ளித்தாய் அண்ணே என்றாள். அவளுக்காகச் செய்ததாக அவள் நினைப்பாள், நினைக்கட்டும், அவளிடம் என்ன சொல்ல?

அறைகளைத் தாண்டி, வேப்பமரங்களைத் தாண்டி, வெளிக்கேட் வரை நடந்தான். இரும்பு கேட். மூன்று வருடமாக இடைவெளியில் உடம்பை ஒடுக்கிக்கொண்டு போய்வந்தவன் இன்று நின்றான். இங்கே மருந்து கிடையாது, வெறும் மண், யாருக்கும் ஒன்றும் ஆகாது. உள்ளங்கையை முழுசாக வைத்துக் கம்பியைப் பிடித்தான். சுட்டது. நெஞ்சு ஒரு தரம் எகிறியது. வெயில் சூடு. இது வெயில் சூடுதான், எல்லாக் கம்பிக்கும் உள்ளது. ஒரு பொறி வரட்டும். ஒன்றே ஒன்று. சாபம் இன்னும் இருக்கிறது என்று காட்டினால் போதும், வாழ்நாள் முழுக்க பஸ் ஏறாமல், தாழ்ப்பாள் இல்லாமல் இருந்துவிடுவான், வேழன் அண்ணா என்று திரும்பிப் பார்த்தானா இல்லையா என்று யோசிக்க வேண்டியதில்லை… திரும்பிப் பார்த்தானா?

"என்னண்ணே, கேட்டப் புடிச்சுத் தள்ளிக்கிட்டு நிக்கீக?" ஸ்டூலில் இருந்த வாட்ச்மேன் கண்ணுச்சாமி கேட்டார். "தெறந்துதான கெடக்கு."

திறந்துதான் கிடந்தது. அவன் கையை எடுக்கவில்லை. இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்தால் வரலாம், இடது கையையும் வைத்துப் பார்த்தால்… இடது கையை அவன் தூக்கவில்லை.